முதலில் தொட்டவருக்கு வகுப்பு

திருச்செங்கோட்டுக் கல்லூரிகள் பேராசிரியர்களை அன்றன்றைக்குக் கூப்பிடத் தொடங்கியபின், பூங்கோதை ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டுதான் தோசை சுடுவாள். போனில் வரும் அழைப்பை முதலில் தொட்டவருக்கே அன்றைய வகுப்பு. அவளும் கணவன் சிவப்பிரகாசமும் இயற்பியலில் முனைவர்கள். படித்த படிப்பெல்லாம் விரல் வேகத்தில் வந்து நின்றது.

அன்று இரண்டு போனும் ஒருசேர அடித்தன. இருந்ததோ ஒரே வகுப்பு. நேற்று அவள் முந்திக்கொண்டதில் அவன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பூங்கோதை போனை மேடைமேல் வைத்துவிட்டாள்.

"நீங்களே எடுத்துக்கங்க."

"வேண்டாங்கண்ணு, நீயே போ. பசங்களுக்கு உன் பாடந்தான் புடிக்குது."

"அட, சொன்னாக் கேளுங்க!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு போனும் அடங்கின. பக்கத்து வீட்டு நாச்சிமுத்துவின் ஸ்கூட்டர் அவசரமாகக் கிளம்பியது. அவரும் இயற்பியல்தான்.