பாலத்தடிக் குட்டை

"பகல் கொள்ளை சார்! பாலத்துக்கு அடியில இருக்கிற கவர்மெண்டு நெலத்தை ஒரு பொம்பள வளைச்சுப் போடறா. நீங்க இன்னாடான்னா இங்க டீ குடிச்சிக்கினு இருக்கீங்க!"

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மளிகைக்கடை உலகநாதன் மனுவை மேசைமேல் போட்டார். ஓவர்சியர் சேதுராமன் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யாரு அந்தப் பொம்பள?"

"செங்கமலம். ரயில் பாதைக்கு அந்தாண்ட ரெண்டு காணி நெலம் கீது. அது பத்தாதாம்! மூணு மாசமா பாலத்தடியில வெட்டறா. வண்டி வண்டியா மண்ணு போவுது. கரை கட்டி செடி வேற நட்டுட்டா. அடுத்து கொட்டாய் போடுவா, அப்புறம் பட்டா கேப்பா. இருபத்தேழு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க, பாருங்க."

இருபத்தேழு பேரும் அவர் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள்தான். கையெழுத்துப் போட்டால்தான் பொட்டலம் கைக்கு வரும் என்றால் யார்தான் போடமாட்டார்கள்?

ஆனாலும் மனுஷனுடைய வயிற்றெரிச்சல் நிஜம். எழுபத்து மூணில் அந்த ரயில்வே மேம்பாலம் வந்ததிலிருந்தே அவருக்குச் சனியன். பாலத்து மேல் பெய்கிற மழையெல்லாம் குழாய் வழியாகக் கீழே கொட்டும். கீழே ஒரே குப்பையும் உடைசலும். தேங்கின தண்ணீர் நேராகப் பள்ளத்தில் இருந்த அவர் கடைக்குள்தான் குடிவரும்.

"போன தீபாவளிக்கு எட்டு மூட்டை துவரம்பருப்பு முங்கிப் போச்சு சார். பாலத்து மேல கொட்டி பத்து நாள் காயவெச்சேன். இந்த வருஷம் பன்னெண்டு மூட்டை எறக்கியிருக்கேன். இவ பக்கத்துலயே குட்டை வெட்டி வெச்சிருக்கா. அது ரொம்பினா என் கதி?"

ஓவர்சியருக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் உலகநாதனையும் கூட்டிக்கொண்டு, இரண்டு ஆட்களுடனும் மம்முட்டிகளுடனும் பாலத்தடிக்கு வந்துவிட்டார். செங்கமலம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையில் கல்வாழை நட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டும்மா வெட்டின?"

"அஞ்சு வருஷமா குப்பை கொட்டினாங்களே சார், அவங்க யாரைக் கேட்டாங்க?"

"பாருங்க சார், வாயைப் பாருங்க!" என்று உலகநாதன் குதித்தார்.

"சரி, குட்டையை மூடுங்கப்பா" என்றார் ஓவர்சியர்.

மம்முட்டியை ஓங்கினதுதான் தெரியும். வானம் பொத்துக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தது. எல்லாரும் பாலத்துக்கு அடியில் ஒண்டினார்கள்.

நாலு குழாயிலும் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கீழே பரப்பியிருந்த செங்கல் உடைசலில் விழுந்து, கல்வாழைக்குள் புகுந்து, குட்டையில் இறங்கியது. குட்டை ஏற ஏற உலகநாதனுக்கு மூச்சு முட்டியது.

"போச்சு! பன்னெண்டு மூட்டையும் போச்சு!" தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

குட்டை முக்கால்வாசி நிறைந்தது. அவ்வளவுதான். மேற்கு மூலையில் வெட்டியிருந்த சின்ன வாய்க்கால் பக்கம் தண்ணீர் திரும்பியது. ரயில் பாதைக்கு அடியில் மதகு வழியாகப் புகுந்து ஏரியைப் பார்க்கப் போயே போய்விட்டது.

உலகநாதன் மழையில் நனைந்துகொண்டே கடைக்கு ஓடினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பருப்பு மூட்டைமேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் கண்ணில் வழிந்தது மழையா, அழுகையா என்று அவருக்கே தெரியாது.

ஓவர்சியர் குட்டையையே சுற்றிச் சுற்றி வந்தார். "யாரும்மா உனக்கு இந்த பிளான் போட்டுக் குடுத்தது?"

"வயல்ல தண்ணி கட்டறவளுக்கு இதுக்கு ஒரு பிளானா சார்? தண்ணிக்குத் தங்க ஒரு எடம், போவ ஒரு வழி. அது கெடைச்சா எவன் வூட்டுக்குள்ளயும் பூராது."

"வண்டி வண்டியா மண்ணு போச்சே, அது?"

"கடைக்குப் பின்னால பள்ளமா கெடந்துச்சே, அதுல கொட்டி மேடாக்கிட்டேன். அண்ணன் கல்லாவை வுட்டு எழுந்து பின்பக்கம் போனாத்தானே தெரியும்?"

உலகநாதன் ஓவர்சியர் கையிலிருந்த மனுவைப் பிடுங்கினார். "தங்கச்சி, ஒண்டியாவா இத்தனையும் வெட்டின? உன்னைப் போயி நான்..."

"ஒண்டியா முடியுமாண்ணே? நீங்க பாண்டிக்குச் சரக்கு எடுக்கப் போற செவ்வாக்கெழமையெல்லாம் ஊரே மம்முட்டியோட வந்துச்சு. அந்த மனுவுல கையெழுத்து போட்ட இருபத்தேழு பேரும்தான்."

உலகநாதன் மனுவைச் சுக்குநூறாகக் கிழித்தார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மேல இந்த ஊருக்கு இத்தனை பாசமா, தங்கச்சி!"

செங்கமலம் முந்தானையைப் பிழிந்துகொண்டே சிரித்தாள்.

"பாசமெல்லாம் எங்க வாய் மேலண்ணே. நனைஞ்ச பருப்பைக் காயவெச்சு வருஷா வருஷம் பொங்கல் வரைக்கும் எங்களுக்குத்தானே நிறுத்துப் போட்டீங்க? இந்த வருஷமாச்சும் ஊரு நல்ல சாம்பார் சாப்பிடட்டும்!"