ஒரு மிடறு அமிலம்

ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டில் இருந்த, எதுவாகவும் மாறக்கூடிய செல்கள் எல்லாம் நரம்பாகிவிட்டன. ஒன்று மட்டும் எதுவாகவும் ஆகாமல் இருந்தது. மற்றவற்றை நரம்பாக்கிய அமிலத்தின் துளி ஒன்று அதன் மேலும் வந்து விழுந்தது.

“கதவைத் திற. உனக்குள் தூங்குகிற புரதத்தை எழுப்புகிறேன். அது உன்னை நரம்பாக்கிவிடும்.”

“பிடிக்காவிட்டால் பழையபடி மாறிக்கொள்ளலாமா?”

“அதெல்லாம் நடக்காது. உனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?”

செல் ஒரு மிடறு மட்டும் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

“ஏய், நரம்பாக இது பத்தாது!” என்று துளி வெளியே நின்று கத்தியது.

உள்ளே புரதம் கண்ணைக் கசக்கியபடி எழுந்தது. அதன் முன்னால் மரபணுக்கள் மூடிய புத்தகமாகக் கிடந்தன. “எந்தப் பக்கத்தைத் திறக்கட்டும்?”

“வெளியே கத்துகிறதே, அது சொல்லாத பக்கத்தை.”

புரதம் சிரித்தபடி ஒரு பக்கத்தைத் திறந்தது. செல் சுருங்கியது, விரிந்தது, மறுபடியும் சுருங்கியது. அது இதயத்தின் செல்லாகியிருந்தது.

“உன்னை யார் துடிக்கச் சொன்னது?” என்று துளி அதட்டியது.

“யாரும் சொல்லவில்லை” என்றது செல், துடித்துக்கொண்டே.