அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்

பூமி ஒரு நொடி நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு அது. கம்பாலா நகரின் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் தொண்டையைச் செருமினார்.

“இனி திறமைக்கே பணம்! யாருடைய கட்டுரையை மற்றவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்களோ, துறையின் ஆராய்ச்சிப் பணம் முழுவதும் அவருக்கே!”

மரவள்ளி நோயை ஆராயும் டாக்டர் நபுகீரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஃப்ரீசர் உயிரை விட்டதில், ஊர் ஊராய்ச் சேகரித்த இலைகள் அழுகிக்கொண்டிருந்தன. புதிது வாங்கியே ஆக வேண்டும். கட்டுரை எழுதுவதில் துறையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

பணம் பேராசிரியர் கபூயேவுக்குப் போனது. என்றோ ஒரே ஒரு கட்டுரை எழுதிவிட்டு, அந்தக் களைப்பு இன்னும் தீராதவர்.

சாயங்காலம் அவர் செலவில் எல்லோருக்கும் சுட்ட ஆட்டிறைச்சி.

“ஒத்தைக் கட்டுரைய வச்சே அடிச்சிட்டீங்களே, புரொபசர்!” என்றாள் நபுகீரா.

“எல்லாம் உங்க புண்ணியம், டாக்டரம்மா. நீங்க எழுதுற ஒவ்வொரு கட்டுரையிலயும் முதல் பக்கத்துலயே என் பேரு இருக்கே! அடுத்த வருஷமும் விடாம எழுதுங்க. இந்தாங்க, இன்னொரு துண்டு.”

மரவள்ளி நோய் மண் வழியாகப் பரவுகிறது என்று கபூயே எழுதியிருந்தார். அது தவறு என்று நிரூபிக்கத்தான் அவள் அத்தனை கட்டுரைகளையும் எழுதினாள்.