வலப்பக்கக் கிளட்ச்

அஜாஸ் கிக்கரில் கால் வைத்ததும் ரத்தினவேல் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

மூன்று மாதமாக இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்காகத்தான் அவன் வேலை செய்திருந்தான். அது வந்து நின்றபோது, வராமலே போயிருக்கலாம் என்று இருந்தது.

சின்ன வண்டி. நாற்பது வயதான டூ ஸ்ட்ரோக். கெலமங்கலத்துப் பழைய இரும்புக் கடையில் பார்த்து, ஆசைப்பட்டு அஜாஸ் எடுத்து வந்தது. பழைய பெயிண்டைப் பாதி சுரண்டியிருந்த சமயத்தில்தான் கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் அவனுடைய இடது கையில் இறங்கியது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன், வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொன்னான். ரத்தினவேல் கேட்கவில்லை. ஓசூரில் தன் வாடகை வீட்டு வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

இருவரும் ஒரே பிரஸ்ஸில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நின்றவர்கள்.

அதன்பிறகு வேலை விட்டு வந்தால் ரத்தினவேல் வண்டியோடுதான் கிடந்தான். இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் மாற்றினான். துருவேறிய டேங்க்குக்குள் ஒரு கை நட்டுகளைப் போட்டுத் தோள் வலிக்கக் குலுக்கிச் சுத்தம் செய்தான். அஜாஸ் எப்போதோ சொல்லியிருந்த கரும்பச்சையையே தேடிப் பிடித்து அடித்தான்.

பெரிய வேலை கைப்பிடியில்தான். கிளட்ச் லீவரை வலப்பக்கம் கொண்டுவந்தான். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் காலடியில் ஒரே மிதிக்கு இழுத்துக் கட்டினான். இடது பிடியில், விரல் இல்லாத கை நழுவாமல் உட்கார ரப்பரில் ஒரு பள்ளம் செய்தான்.

"கூடப் பொறந்தவனுக்கே நீங்க இப்பிடிச் செஞ்சதில்லையே" என்றாள் மனைவி ராசாத்தி ஒருநாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாவது உதையில் வண்டி உயிர் பிடித்தது. நீலப் புகை வாசலை மறைத்தது. அஜாஸ் சிரிப்பான் என்று ரத்தினவேல் எதிர்பார்த்தான். அஜாஸ் சிரிக்கவில்லை.

"பின்னாடி ஏறுங்கண்ணா."

"நீ தனியா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு, அஜாசு."

"விழுந்தா ரெண்டு பேருமா விழுவோம். ஏறுங்க."

ரத்தினவேல் பின் சீட்டில் ஏறினான்.

ராயக்கோட்டை ரோட்டுக்கு வரும்வரை வண்டி குடிகாரனைப் போலப் போனது. ஆக்சிலேட்டரும் கிளட்ச்சும் ஒரே கையில். ஒன்றை விட்டால் இன்னொன்று முறுக்கிக்கொண்டது. ஒரு வேகத்தடையில் இன்ஜின் விக்கி நின்றுவிட, பின்னால் கர்நாடகா நம்பர் போட்ட டிப்பர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு முதுகுக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது. ரத்தினவேல் அஜாஸின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

அஜாஸ் மறுபடி உதைத்தான். போகப் போகக் கை பழகிவிட்டது. வேகம் ஐம்பது, அறுபது என்று ஏறியது.

பயம் குறையவில்லை. கூடியது.

சைடு கண்ணாடியில் அஜாஸின் கண் தெரிந்தது. ரோட்டைப் பார்த்தது போக மிச்ச நேரமெல்லாம் அது ரத்தினவேலின் முகத்தில்தான் இருந்தது.

உத்தனப்பள்ளி தாண்டி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வளைவில் அஜாஸ் வண்டியை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்தான். இறங்கவில்லை.

ரத்தினவேல் பிடித்திருந்த சட்டையை விட்டான். இத்தனை நாளும் அவன் பயந்தது வண்டிக்கு அல்ல.

ஆள் கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது சும்மாச் சும்மா நிறுத்தி எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று, அதன் கண்ணை ஏமாற்ற ஒரு பளபளப்பான தகட்டுத் துண்டை எதிரே வைத்துக் கறுப்பு டேப்பால் ஒட்டியவன் ரத்தினவேல். அன்று ஷிப்ட் முடிந்தபோது பிரிக்க மறந்து போனான். அடுத்த ஷிப்டுக்கு வந்து நின்றவன் அஜாஸ்.

அலறல் கேட்டு, பாதி மாட்டிய சட்டையோடு ரத்தினவேல் ஓடி வந்தபோது டேப் அங்கே இல்லை. துண்டும் இல்லை.

சென்சாரில் பழுதில்லை, ஆள் பக்கவாட்டில் கையை விட்டிருக்கிறார், கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதினார்கள். அஜாஸ் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

டேப்பைப் பிரித்தவனுக்கு எல்லாம் தெரியும். அவன் யார், எப்போது வாயைத் திறப்பான் என்று தெரியாமல் ரத்தினவேல் மூன்று மாதமாகத் தூங்கவில்லை. கம்பெனியில் யார் பின்னாலிருந்து தோளைத் தொட்டாலும் தூக்கிவாரிப் போட்டது.

அஜாஸ் தலையைத் திருப்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"டேப்பை யாரு பிரிச்சாங்கன்னு ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பார்த்துட்டுத் திரியாதீங்கண்ணா. நான்தான் பிரிச்சேன். சூப்பர்வைசர் ஓடி வர்றதுக்குள்ள. வலது கை நல்லாத்தானே இருந்துச்சு."