அழுத்தித் திருகும் மூடி

மூன்றாவது டப்பாவையும் அவர் திறந்துவிட்டார்.

அவள் அடுத்த அடுக்கைப் பார்த்தாள்.

"இதுவும் ஒண்ணுமில்ல அம்மிணி," என்று மூடியைக் கல்லாமேசைமேல் வைத்தார் மாமனார். பந்தயத்தில் ஜெயித்த முகம்.

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் பத்தொன்பது வருடமாகப் பிளாஸ்டிக் சாமான் விற்கிறார். மூடி திறக்க வரவில்லை என்று டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. திறக்க வராத மூடி வேண்டும் என்று வந்த முதல் ஆள் இவள்தான்.

"எதை ஊத்தி வெக்கறதுக்குங்க?"

"பவளத்துக்கு மருந்துங்க."

"மோதரத்துல போடறதுக்குங்களா?"

"உசுரோட இருக்கறதுங்க. வீட்டுல கண்ணாடித் தொட்டியில வளக்கறேன்."

"பவளத்துக்கே மருந்து வாங்க ஆளிருக்குதுங். எனக்குப் பிரசர் மாத்திரை நானேதான் போயி வாங்கோணும்."

மாமனார் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். கடைக்காரர் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்காவிட்டால் விலை இறங்காது.

மருந்து மூன்று வகை. தொட்டித் தண்ணீரில் தினமும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மூன்றும் பார்வைக்குத் தண்ணீர்.

மூன்றையும் காலித் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றித் தொட்டிக்குக் கீழே வைத்திருந்தாள். எந்த வீட்டில்தான் காலி பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள்? கழுவி நிரப்பினால் அது புது பாட்டில்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதில் ஒன்றை மாமனார் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மடக்கு. கசந்ததால் துப்பிவிட்டார். பத்துத் தடவை வாய் கொப்பளிக்கச் செய்தாள். உதட்டோரம் மட்டும் சிவந்து நின்றது.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு ஜாஸ்தியாப் போச்சு," என்று ராத்திரி மகனிடம் அவரே சொன்னார்.

அது மறதியா, சாமர்த்தியமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாகவே அவரிடம் இரண்டும் கலந்துதான் கிடக்கிறது. சில நாள் அவள் பெயர் நினைவில் இருக்காது. சில நாள் நாற்பது வருடத்துக்கு முந்தைய மஞ்சள் விலையைக் குவிண்டால் கணக்கில் சொல்வார்.

கணவனின் அண்ணன் கோயமுத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். சாக்கு ஒன்றுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை சங்கதி வெளியே வந்தால் அதுவும் கிடைத்துவிடும்.

தொட்டியை விற்றுவிடலாம்.

ஆறு வருடம் வளர்த்தது. விற்றுவிடலாம் என்று மூன்று நாளாகத் தனக்கே சொல்லிப் பார்க்கிறாள். பேரம் படியவில்லை.

அதனால்தான் அவரையே கடைக்குக் கூட்டி வந்தாள். அவர் கைக்குத் திறக்காத டப்பா ஒன்று அகப்பட்டால் போதும். எல்லோரும் இருக்கிற இடத்தில் இருக்கலாம்.

அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. "டப்பா கெட்டியான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா," என்றாள். மஞ்சள் மண்டியில் ஆயுள் முழுக்க மூட்டை பிரித்துப் பார்த்துத் தரம் சொன்னவர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார்.

நாலாவது டப்பா வந்தது.

பால் வெள்ளை. கனமான பிளாஸ்டிக். மோந்து பார்த்தாள், பினாயில் வாடை இல்லை. விளிம்பில் நகத்தால் கீறினாள், கோடு விழவில்லை.

"ஏற்றுமதித் தரமுங்க," என்றார் கடைக்காரர்.

ஏற்றுமதியாகாமல் இங்கே ஏன் கிடக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"மூடிய அழுத்திக்கிட்டே திருகோணும். சும்மாத் திருகுனா சுத்திக்கிட்டே கெடக்கும். எம்பட பையன் ஒரு நாள் பூரா மல்லுக்கட்டுனானுங். வரலையே!"

மாமனார் டப்பாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திருகினார்.

டக். டக். டக்.

மூடி சும்மாச் சுற்றியது.

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். ஒரு வயதான மனிதருக்கு ஒரு காரியம் முடியாமல் போகட்டும் என்று எந்தச் சாமியிடம் கேட்பது?

டக். டக்.

கடைக்காரரின் போன் அடித்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ திட்டத் தொடங்கினார்.

மாமனார் டப்பாவை மேசைமேல் வைத்தார். உள்ளங்கையை மூடிமேல் ஊன்றினார். உடம்போடு சாய்ந்தார்.

டக் சத்தம் நின்றுவிட்டது.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய விரலைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"முடியல கண்ணு," என்றார். "கெட்டியான டப்பா. இதையே வாங்கிக்க."

கடைக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "நாஞ் சொன்னனுங்கல்ல? அய்யாவாலயே முடியலீங்! மூணு எடுத்துப் போட்டறட்டுங்களா?"

அவள் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியில் கை பட்டது.

அழுத்தவில்லை. திருகவும் இல்லை.

மூடி கையோடு வந்துவிட்டது.

கடைக்காரர் குனிந்து பில் புத்தகம் தேடிக்கொண்டிருந்தார். அவள் மூடியைத் திரும்ப வைத்தாள். இறுக்கினாள். உள்ளங்கை எரியும்வரை இறுக்கினாள்.

"இன்னொருக்காப் பாருங்க மாமா," என்று நீட்டினாள்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.