மண்சரிவு

“பேசக் கூடாதா? பரவாயில்ல மேடம், ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிடறேன்!” என்றான் வேன் ஓட்டுநர்.

படகிலிருந்து இறங்கிய பெண் தன் கைபேசியை அவன் முன் நீட்டியிருந்தாள். ‘தொண்டையில் சிகிச்சை. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்று அதில் எழுதியிருந்தது. ஒல்லியான உருவம், கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, தோளில் சின்னப் பை. தீவை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் அந்த வேனில் இன்று அவள் ஒருத்திதான் பயணி.

அவன் வாக்குத் தவறவில்லை. அருவிக்குப் போகும் வழி முழுக்கப் பேசினான். அருவியின் வழுக்குப் படிகளில் அவளைப் பத்திரமாக இறக்கிவிட்டபடியே பேசினான். பவளப்பாறை பார்க்கக் கண்ணாடிப் படகில் அவளை ஏற்றி அனுப்பிய பிறகுதான் அவன் வாய்க்கு ஓய்வு கிடைத்தது. அப்போதும் கரையில் நின்று கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போனையே பார்க்கறானேன்னு தப்பா நினைக்காதீங்க,” என்றான் அவள் திரும்பியதும். “இந்நேரத்துக்கு எங்க ஆபீஸ் அம்மா நாலு தடவை கூப்பிட்டிருக்கும். எங்க இருக்கீங்க, ஏன் லேட்டுன்னு உசுரை வாங்கும். இன்னிக்கு என்னமோ சத்தத்தையே காணோம்.”

அவள் புருவத்தை உயர்த்தினாள்.

“கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு எல்லா வண்டியையும் மேய்க்குது மேடம். மூணு வருஷமா தினமும் திட்டு வாங்கறேன், நேர்ல பார்த்ததே இல்ல. ஆனா குரலை வச்சே சொல்லிடுவேன். ஆள் ஆறடி இருக்கும். முழி ரெண்டும் கோழிமுட்டை மாதிரி இருக்கும். வீட்டுக்காரர்தான் பாவம், வாயைத் திறந்தே பல வருஷம் ஆகியிருக்கும்.”

அவள் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்தாள். இப்படி ஒரு ரசிகை கிடைத்ததில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பயணச் சீட்டிலிருந்த கலங்கரை விளக்கத்தின் படத்தைத் தொட்டுக் காட்டினாள். ஓட்டுநரின் முகம் சுருங்கியது.

“அது மட்டும் வேணாம் மேடம். மலைப் பாதையில மண்சரிவு.”

அவள் சாப்பாட்டுக் கடையின் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். பாதை பளிச்சென்று தெரிந்தது. ஒருவர் குடும்பத்தோடு பைக்கில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தான். “சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன? நீங்க வாயைத் திறந்து யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. மண்சரிவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆபீஸ்ல அப்படிச் சொல்லி வச்சிருக்கேன். ஆறு மாசமா அந்த மலை சரிஞ்சுக்கிட்டே இருக்கு, இன்னும் தரைமட்டம் ஆகல!”

அவள் சிரிக்கவில்லை. ஏன் என்பதுபோல் கையை விரித்தாள்.

“பிரேக் சரியில்ல மேடம். சமதரையில சமாளிச்சுடுவேன், இறக்கத்துலதான் கைவிரிக்குது. மாத்திக் குடுங்கன்னு அந்தம்மாகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ‘சும்மா சாக்கு சொல்லாதீங்க’ன்னு போனை வச்சிடுச்சு. ஏறப்போய் ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு யார் பதில் சொல்றது? அதான் மண்சரிவு. போன மாசம் ஒருத்தர் புகார் எழுதிட்டார். இன்னொரு புகார் வந்தா வேலை போயிடும்னு சொல்லியிருக்கு. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. நீங்களும் எழுதிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

அவள் அவனையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு வேனில் ஏறி உட்கார்ந்து, மலையை நோக்கிக் கையை நீட்டினாள்.

கெஞ்சிப் பார்த்தான். நீட்டிய கை இறங்கவில்லை. போகாவிட்டால் புகார், வேலை போகும். போனால் என்ன ஆகுமென்று அவனுக்கே தெரியாது. கடவுளை வேண்டிக்கொண்டு கிளப்பினான்.

ஏற்றம் வம்பில்லாமல் முடிந்தது. உச்சியில் நாலு பக்கமும் நீலக் கடல். அவள் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வேனின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது இரண்டாவது வளைவில் பிரேக் பிடிக்காமல் மிதி அடிவரை போய்விட்டது. அவன் கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப் பக்கமாக ஒடித்தான். பாறையில் பக்கவாட்டை உரசிக்கொண்டே போய் வேன் நின்றது. அவள் அலற வாயைத் திறந்து, கையால் பொத்திக்கொண்டாள்.

“சாக்கு இல்ல மேடம். பார்த்தீங்க இல்ல?” என்றான். மீதி வழியை ஊர்ந்தே கடந்தார்கள். அன்று முதல்முறையாக அவன் எதுவும் பேசவில்லை.

படகுத் துறையில் கதவைத் திறந்துவிட்டவன், பழக்கத்தில் கைபேசியைப் பார்த்தான். “இன்னும் கூப்பிடல. உடம்புக்கு முடியலையோ என்னவோ. திட்டினாலும் ஒரு நாள் தவறினதில்ல, பாவம்.”

அவள் இறங்கி, கழுத்திலிருந்த சால்வையை அவிழ்த்துப் பையில் வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க. முதல் படகுலயே மெக்கானிக்கை அனுப்பறேன். அதுக்கப்புறமும் மலை சரிஞ்சுதுன்னு சொன்னீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!”

எதிரே அவள் நிற்பதையும் மறந்து, ஓட்டுநர் அவசர அவசரமாகக் கைபேசியைக் காதில் வைத்து, “சரிங்கம்மா!” என்றான்.