இடது கால் செருப்பு

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்க வாயில குஸ்திங்கிற வார்த்தையே வரக் கூடாது. சொல்லிட்டேன்!”

மனைவி விரலை ஆட்டி எச்சரித்தாள். சோபாவுக்குப் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு திரும்பினார்.

“நான் ஏன் பேசப் போறேன்?”

“பேசுவீங்க. போன மாசம் லிஃப்டுல மாட்டிக்கிட்ட நாலு பேருக்கு, கதவைத் திறக்காம வெளியே நின்னு முழு ஆட்டத்தையும் சொன்னவருதானே?”

“அதுல ஒருத்தர் கை தட்டினாரு, தெரியுமா?”

“அப்பா, ப்ளீஸ்ப்பா” என்றாள் மகள்.

அவள் காதலிக்கும் பையன் தங்கமானவன். ஆனால் தன் அப்பா நேரில் பார்த்துச் சம்மதம் சொன்னால்தான் கல்யாணம் என்று இருந்தான். அந்த அப்பா மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவராம். இன்று மாலை வருகிறார்.

மகளுக்காக மெக்கானிக் மல்யுத்த வீடியோ கேசட்டுகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஃப்ரிட்ஜ் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒற்றை வலது கால் செருப்பை மட்டும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நாமும் நம்ப வேண்டும்.

சொன்ன நேரத்துக்குக் கடைக்காரர் பையனோடு வந்தார். நரைத்த தலை, அகன்ற தோள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“குடுங்க, உள்ள வைக்கிறேன்” என்று மெக்கானிக்கின் மனைவி கை நீட்டினாள்.

“இருக்கட்டும்மா. அப்புறம்.”

மகளின் படிப்பு, வேலை, குணம் எல்லாவற்றையும் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். கடைக்காரரின் தலை ஓர் அங்குலம் கூட அசையவில்லை. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினார்.

மெக்கானிக் மனைவியைச் சமையலறைக்கு இழுத்தார். “என்னடி, மனுஷன் தலையைக் கூட ஆட்ட மாட்டேங்கறாரு? பிடிக்கலையோ?”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. நீங்க வாயைத் திறக்காம வந்து உட்காருங்க.”

திரும்பி வந்தபோது கடைக்காரர் ஃப்ரிட்ஜின் மேல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்ன, ஒத்தைச் செருப்பு?”

“பழசுங்க. தூக்கிப் போட மறந்துட்டோம்” என்றாள் மனைவி அவசரமாக.

“பழசா!” மெக்கானிக் எழுந்தே விட்டார். அப்புறம் மடை திறந்த வெள்ளம்தான்.

“முப்பது வருஷம் ஆச்சுங்க. வெள்ளைப்புலிக்கும் கருந்தேளுக்கும் ஃபைனல். இருபத்தெட்டு நிமிஷம்! அந்தக் கருந்தேள் இருக்கானே, கறுப்பு முகமூடி போட்ட அயோக்கியப் பய. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினதும் இடுப்புலேர்ந்து பொடியை எடுத்துக் கண்ணுல தூவிட்டான். எங்க புலி கண்ணு தெரியாம தடவுது. இவன் அது கையை மிதிச்சுக்கிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான்! எனக்குத் தாங்கலை. இடது கால் செருப்பைக் கழட்டி வீசினேன். நெத்தியில சொத்துன்னு விழுந்துச்சு. பத்தாயிரம் பேர் கை தட்டினாங்க!”

மனைவி இருமினாள். அவர் காதில் விழவில்லை.

“அப்புறம்?” என்றார் கடைக்காரர்.

“அதை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டான், திருட்டுப் பய! அப்புறம்தான் புலிக்கு வெறி வந்துச்சு. அவனைத் தலைக்கு மேல தூக்கி ஒரே போடு! நான் ஒரு கால் வெறுங்காலா ஆறு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்தேன். பாதம் பூரா கொப்பளம். ஆனா மனசு நிறைஞ்சிருந்துச்சுங்க.”

“அதெல்லாம் நடிப்புதானே? யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்குவாங்களாமே?”

மெக்கானிக்கின் முகம் சிவந்தது. மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

“யார் ஜெயிக்கணும்னு பேசி வெச்சிருக்கலாங்க. அவ்வளவு உசரத்துலேர்ந்து விழறவனுக்கு, தரையோடவும் பேசி வெச்சிருப்பாங்களா? அந்த டேப்பை நூறு தடவை பார்த்திருக்கேன். ஜெயிச்சது புலி. ஆனா ஆட்டத்தையே தாங்கினவன் அந்தத் தேள். அவன் அவ்வளவு கெட்டவனா நிக்கலேன்னா புலிக்கு ஏது கை தட்டு? அதைச் சும்மா நடிப்புன்னு யார் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன். நீங்களே சொன்னாலும்!”

கடைக்காரர் மெல்ல எழுந்து நின்றார். வாசற்படியில் நின்ற மகளின் கண்கள் நிறைந்துவிட்டன.

அதைப் பார்த்ததும்தான் மெக்கானிக்குக்குச் சுயநினைவு வந்தது. “ஐயையோ, உட்காருங்க! எனக்கு நாக்குல சனி. என் பேச்சுக்காக எம் பொண்ணை வேணாம்னு சொல்லிடாதீங்க. இனிமே குஸ்தியைப் பத்தி மூச்சு விட மாட்டேன். இந்தச் செருப்பையும் இப்பவே குப்பையில போட்டுடறேன்.”

பெட்டியைக் கீழே இறக்கித் திறந்தார்.

“அதை மட்டும் செஞ்சிடாதீங்க” என்று கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே அதே பழுப்பு வாரோடு ஓர் இடது கால் செருப்பு.

“உங்க பொண்ணு சொன்ன கதைன்னு பையன் வந்து சொன்னான். உங்க வாயால கேட்கணும்னுதான் இவ்வளவு நேரம் பேசாம இருந்தேன். பதினெட்டு வருஷம் ஊர் ஊராப் போய்த் திட்டு வாங்கினவன் நான். ஆனா செருப்பையே விட்டுட்டுப் போற அளவுக்கு என்னை நிஜமான கெட்டவன்னு நம்பினவர் நீங்க ஒருத்தர்தான். எனக்குக் கிடைச்ச ஒரே மெடல் இது.” அவர் நெஞ்சு நிமிர்ந்தது. “கல்யாணத்துக்குப் பூரண சம்மதம், சம்பந்தி. தலையாட்டலையேன்னு மட்டும் தப்பா நினைக்காதீங்க. உங்க புலி அன்னைக்குப் போட்ட போட்டுல போன கழுத்து, இன்னும் அசையலை!”